நாலு மணி பஸ்ஸில் இறங்குகிறவர்களுக்கு: கிளிநொச்சியில் வேலை, வீடு, மற்றதுகள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பிலிருந்து வரும் இரவு பஸ்கள் கிளிநொச்சிக்கு வந்து சேர விடியப்புறம் நாலு மணி ஆகிவிடும். யாழ்ப்பாணம் போகிறவர்கள் நித்திரை கொண்டபடியே போய்விடுவார்கள். இங்கே இறங்குகிறவர்கள் பையைக் காலடியில் வைத்துவிட்டு, எந்தப் பக்கம் நடப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் வீதியைப் பார்த்தபடி நிற்பார்கள். அந்த நேரத்தில் லைட் எரிகிற இடம் எங்கள் தேத்தண்ணிக் கடைதான். அதனால் கேள்விகள் எல்லாம் பிளேன்ரீயோடு சேர்ந்து எங்களிடம் வரும்.

நானும் அப்படி இறங்கியவள்தான். 1990இல் வள்ளத்தில் இந்தியா போய், 22 வருடம் தமிழ்நாட்டு முகாமில் இருந்துவிட்டு 2012இல் திரும்பினேன். திருச்சியில் விமானம் ஏறிக் கொழும்பு, அங்கிருந்து பஸ். இவர், நான், இரண்டு பிள்ளைகள், நாலு பை, ஒரு பிரஷர் குக்கர். குக்கரை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பஸ் குலுங்கும் நேரமெல்லாம் அதன் விசில் கிலுகிலு என்று ஆட, முன் சீற்றில் இருந்த ஐயா திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"ஒரே பதிலை எத்தனை தரம் சொல்லுவீங்கள் அம்மா, எழுதி விடுங்கோவன்" என்று மகள் சொன்னாள். எழுதிவிட்டேன். கிளிநொச்சியை வைத்து எழுதியது. வவுனியா, முல்லைத்தீவு, மன்னார்ப் பெருநிலம் எல்லாம் வன்னிதான் என்பதால் பாதிக்கு மேல் அங்கேயும் பொருந்தும்.

இருட்டில் இறக்கிவிட்டால் என்ன செய்வது?

இறங்கும் இடத்தைத் தவறவிடாமல் இருப்பதுதான் முதல் வேலை. முறிகண்டிப் பிள்ளையாரடியில் பெரும்பாலான பஸ்கள் நிற்கும். சாரதி இறங்கிக் கும்பிட்டுவிட்டு வருவார், சிலர் கச்சான் (நிலக்கடலை) வாங்குவார்கள். அங்கே எழும்பி முகம் கழுவிவிடுங்கள். அதற்குப் பிறகு கால் மணித்தியாலம்தான். திரும்பக் கண்ணயர்ந்தால் ஆனையிறவு உப்புக்காற்றில்தான் விழிப்பீர்கள். அப்படிப் போய், பகல் பஸ்ஸில் திரும்பி வந்த ஒரு தம்பியைத் தெரியும்.

இறங்கிய பிறகு, கூப்பிட ஆள் வராவிட்டால் வெளிச்சம் வரும்வரை இருங்கள். இருட்டில் ஓட்டோ பிடித்து "ஏதாவது நல்ல இடத்துக்கு விடுங்கோ" என்று சொல்ல வேண்டாம். ஐந்தரைக்கெல்லாம் ஊர் எழும்பிவிடும். ரயிலிலும் வரலாம். 2013 செப்டம்பரில் கிளிநொச்சிக்குத் திரும்ப ரயில் ஓடத் தொடங்கியது. சாமான் நிறைய இருந்தால் அதுதான் உடம்புக்குச் சுகம்.

எல்லாரும் "எவடம்?" என்று கேட்கிறார்கள். அது ஏன்?

ஓட்டோக்காரர் கேட்பார், கடைக்காரர் கேட்பார், பக்கத்து வீட்டு அம்மா வேலிக்கு மேலால் கேட்பா. எவடம் என்றால் எந்த இடம், எந்த ஊர். அதற்கடுத்து "ஆற்றை ஆள்?", அதாவது யாருடைய ஆள் என்றும் வரும். முகாமில் பொலிஸ்காரர் கேட்டதற்கே பதில் சொல்லிப் பழகிய எனக்கு முதல் மாதம் இது சுள்ளென்று குத்தியது. சொந்த நாட்டுக்கு வந்தும் விசாரணையா என்று ஒருநாள் மரக்கறிக் கடையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். அந்தக் கடைக்கார அக்காதான் பிறகு எங்களுக்கு வாடகை வீடு பார்த்துத் தந்தா என்பது வேறு கதை.

கேட்கிறவரைத் திருப்பிக் கேட்டுப் பாருங்கள், "நீங்கள் எவடம்?" என்று. இங்கேயே பரம்பரையாக இருந்தவர் என்று பதில் வருவது குறைவு. இரணைமடுக் குளம் முடிந்தது 1920 அளவில். அதன் தண்ணீரை நம்பி யாழ்ப்பாணத்திலிருந்து சனத்தைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். 1960களின் கடைசியில் படித்த வாலிபர் திட்டம் என்று விசுவமடு, முத்தையன்கட்டுப் பக்கம் இளம் ஆட்களுக்குக் காணி கொடுத்தார்கள். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து உடுத்த உடுப்போடு வந்தவர்கள் பாரதிபுரம், மலையாளபுரம், கிருஷ்ணபுரம் பக்கம் காடு வெட்டிக் குடிசை போட்டார்கள். 1995இல் யாழ்ப்பாணமே பெயர்ந்து வந்தது. 2009இல் போர் முடிந்தபோது எல்லாரும் சேர்ந்து ஊரில் இல்லாமல் போய், செட்டிகுளத்து முகாமில் கிடந்து, 2010இலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பினார்கள்.

ஆக, எவடம் என்று கேட்கிறவரும் எங்கிருந்தோ வந்தவர்தான். உங்களை எங்கே கொண்டுபோய் முடியலாம் என்று பார்க்கிறார்: உங்கள் ஊரில் தனக்கு யாரைத் தெரியும், நீங்கள் யாருக்குச் சொந்தம். முடிச்சு விழுந்துவிட்டால் வேலை, வீடு, கடனுக்கு அரிசி எல்லாம் அந்த வழியாலேயே வரும். அதனால் ஒளிக்காமல் சொல்லுங்கள். ஹட்டன் என்றால் ஹட்டன், மண்டபம் முகாம் என்றால் மண்டபம் முகாம். சில பேருக்கு மலையகத்து ஆட்கள், முகாமிலிருந்து வந்த ஆட்கள் என்றால் ஒரு இளக்காரம் உண்டு. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அவர்களைத் தாண்டி அடுத்த கடைக்குப் போங்கள்.

கிராம சேவகரிடம் போகத்தான் வேண்டுமா? வேலைக்குத்தானே வந்தேன்?

போகவேண்டும். வந்த முதல் கிழமையிலேயே. ஜி.எஸ். என்றால் கிராம சேவகர்தான். அவர் உங்களைத் தெரியாது என்று சொன்னால் வன்னியில் நீங்கள் இல்லாத ஆள். வதிவிடச் சான்றிதழ், நற்சான்று, பிள்ளையின் பள்ளிக்கூடம், அடையாள அட்டை தொலைந்தால் புதிது, உதவித் திட்டங்கள் எல்லாவற்றுக்கும் முதல் கையெழுத்து அவருடையது. அதற்குப் பிறகுதான் பிரதேச செயலகம். ஆடைத் தொழிற்சாலைக்கும் சில கடைகளுக்கும் வேலைக்கு எடுக்கும்போதே ஜி.எஸ். சான்றிதழ் கேட்கிறார்கள்.

முன்பு இருந்த இடத்து ஜி.எஸ்ஸிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு வாருங்கள். அது இல்லாமல் வந்து, ஒரு கடிதத்துக்காகத் திரும்ப நுவரெலியாவுக்குப் பஸ் ஏறியவர்கள் எங்கள் கடை வாங்கில் (பெஞ்சில்) இருந்து அழுதிருக்கிறார்கள். வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள். "எங்கடை வளவிலைதான் இருக்கினம்" என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் பாதி வேலை முடியும். கந்தோர் (அலுவலக) நாள் எது என்று முதலே கேளுங்கள். மற்ற நாளில் அவர் களத்தில் நிற்பார், நீங்கள் பூட்டிய கதவைப் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள்.

வேலைக்கு யாரைப் பிடிப்பது?

பேஸ்புக்கில் விளம்பரம் வருகிறதுதான். பிரதேச செயலகத்தில் மனிதவலுத் திணைக்களத்து உத்தியோகத்தரிடம் பதிந்து வைக்கலாம். தொழிற்சந்தை என்று இடைக்கிடை நடத்துவார்கள், அதற்கும் போங்கள். செலவில்லாத வேலை. ஆனால் நான் கண்டவரைக்கும் இங்கே வேலை வாய்வழியாகத்தான் நகரும். விடியக் கடைக்கு வரும் மேசன் பாஸ் ஒருவர் வடையை எடுத்துக் கடித்தபடி, "நாளைக்குக் கொங்கிறீற், ரெண்டு ஆள் காணாது" என்பார். அந்த நேரம் அந்த வாங்கில் இருக்கிறவருக்கு வேலை. ஆறு மணிக்கு எழும்புகிறவருக்கு அது கிடைக்காது.

என்ன வேலை என்று கேட்டால், முதலில் கட்டட வேலை. நாங்கள் வந்த காலத்தில் இந்திய அரசாங்கம் காசு கொடுத்த இந்தியன் வீட்டுத்திட்டம் நடந்துகொண்டிருந்தது. வீட்டுக்கு 550,000 ரூபா, கட்டம் கட்டமாகக் கைக்கு வரும், வீட்டைச் சொந்தக்காரரே கட்டுவிக்கவேண்டும். வடக்கு கிழக்கில் மட்டும் 46,000 வீடு என்றால் மேசனுக்கு எவ்வளவு கிராக்கி இருந்திருக்கும் என்று யோசியுங்கள். இவருக்கு ஞாயிற்றுக்கிழமைகூட ஓய்வில்லை. அந்தக் காலம் முடிந்துவிட்டது. 2022இல் சீமெந்து விலை ஏறியபோது அரைகுறையாக நின்ற சுவர்கள் சில இன்னும் அப்படியே நிற்கின்றன. இப்போது வேலை இருக்கிறது, வரிசையாக இல்லை. ஒரு வீடு முடிந்து அடுத்த வீடு கிடைக்க இரண்டு கிழமை சும்மா இருக்க நேரிடும். அதைக் கணக்குப் போட்டு வையுங்கள்.

அடுத்தது வயல். காலபோகம் புரட்டாதி, ஐப்பசியில் விதைத்து, தை, மாசியில் வெட்டு. அருவி வெட்ட (நெல் அறுக்க) ஆள் பிடித்த காலம் போய், இப்போது மெசின் இறங்கி ஒரு பகலில் முடித்துவிடுகிறது. ஆனாலும் மூட்டை ஏற்ற, காயவைக்க, மில்லுக்குப் போக ஆள் வேண்டும். முல்லைத்தீவுப் பக்கம் கச்சான் பிடுங்கி ஆய்கிற காலமும் அதையொட்டித்தான் வரும். பெண்கள் மரநிழலில் வட்டமாக இருந்து ஆய்வார்கள். கை கறுத்துப்போகும், கதை நல்லாக இருக்கும். இதனால்தான் யாராவது போன் எடுத்து எப்போது வரலாம் என்று கேட்டால் தை பிறக்கட்டும் என்கிறேன். கார்த்திகையில் வந்தால் மழையைப் பார்த்துக்கொண்டு கையிருப்பைச் சாப்பிடவேண்டியதுதான்.

ஆனையிறவு உப்பளம் திரும்ப இயங்குகிறது. உப்பு விளைவது வெயில் காலத்தில்தான். கடற்கரைப் பக்கம் "தொழில்" என்று சொன்னால் அது மீன்பிடி. அதற்குள் புதிதாக ஒருவர் நுழைவது லேசில்லை, சொந்தம் வேண்டும். கடைகளில் நிற்கிற வேலை எப்போதும் இருக்கும், சம்பளம் குறைவு. அரசாங்க வேலைக்காக மட்டும் காத்திருக்கிறேன் என்றால், காத்திருக்கும் காலத்தில் யார் சாப்பாடு போடுவது என்பதையும் முடிவெடுத்துக்கொண்டு காத்திருங்கள்.

இரவில் டிப்பரில் மண் ஏற்ற ஆள் கேட்டால் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று கேளுங்கள். பொலிஸ் பிடித்தால் முதலாளி வரமாட்டார்.

நாட்சம்பளம் எவ்வளவு கேட்கலாம்?

தொகை எழுதினால் அடுத்த மாதம் பிழையாகிவிடும். அன்றைய விலையைச் சந்தியில் மூன்று பேரிடம் கேளுங்கள், நடுத்தொகையைச் சொல்லுங்கள். அதைவிட முக்கியம், சாப்பாட்டோடா சாப்பாடு இல்லாமலா, போக்குவரத்து யாருடையது, மழை வந்து பாதி நாளில் நின்றால் எவ்வளவு என்ற மூன்றையும் வேலை தொடங்க முதல் பேசி முடிப்பது.

வந்த முதல் வருடம் இவர் ஒரு கொந்தராத்துக்காரரிடம் 11 நாள் வேலை செய்தார். "மொத்தமாகத் தாறன் அண்ணை, கையிலை நிக்கட்டும்" என்று அவர் இனிக்கச் சொன்னதை நம்பினோம். 12ஆம் நாள் போன் வேலை செய்யவில்லை. வீடு கட்டுவித்தவரைப் போய்க் கேட்டால், அவர் கொந்தராத்துக்காரருக்கு முழுக்காசும் கொடுத்துவிட்டார். ஆளின் முழுப்பெயர்கூட எங்களிடம் இல்லை, எல்லாரும் கூப்பிட்ட பட்டப்பெயர் மட்டும்தான். அன்றிலிருந்து இவர் 80 பக்கக் கொப்பி ஒன்றைச் சேட்டுப் பையில் மடித்து வைத்திருக்கிறார். திகதி, வளவு, என்ன வேலை, எவ்வளவு வாங்கியது, எவ்வளவு மிச்சம் என்று எழுதி, சனிக்கிழமை அதை விரித்துக் காட்டுவார். காட்டினால் சண்டை வருவதில்லை. மூன்று நாளுக்கு மேல் கணக்கை இழுக்கவிடாதீர்கள்.

கடையிலோ கம்பனியிலோ மாதச் சம்பளம் என்றால்?

ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) இருக்கிறதா என்று சேரும் நாளே கேளுங்கள், மெல்லமாகக் கேட்டால் போதும். உங்கள் சம்பளத்தில் 8 வீதம் பிடிப்பார்கள், முதலாளி 12 வீதம் போடவேண்டும், ஈ.ரி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி) என்று இன்னொரு 3 வீதமும் அவர் பொறுப்பு. சின்னக் கடைகள் பல இதைச் செய்வதில்லை. "கையிலை கூடத் தாறன்" என்பார்கள். கூடத் தருவது எவ்வளவு, இழப்பது எவ்வளவு என்று கூட்டிப் பாருங்கள். பிடித்துவிட்டுக் கட்டாமல் விடுகிறவர்களும் உண்டு. அங்கத்தவர் இலக்கத்தை வாங்கி வைத்தால் தொழிற் திணைக்களத்தில் கேட்கலாம்.

கைவேலை தெரியும், ஒரு சான்றிதழும் இல்லை. பரவாயில்லையா?

ஊருக்குள் வேலைக்குப் பரவாயில்லை. பெரிய கம்பனிக்கோ வெளிநாட்டுக்கோ என்றால் என்.வி.கியூ. என்ற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் கேட்பார்கள். பலருக்குத் தெரியாதது, அதற்குத் திரும்பப் பள்ளிக்கூடம் போகத் தேவையில்லை. அனுபவம் இருந்தால் நைற்றா என்ற அரசாங்கத் தொழிற்பயிற்சி நிறுவனத்தில் விண்ணப்பித்து, செய்து காட்டி, மட்டத்துக்கு ஏற்ற சான்றிதழ் எடுக்கலாம். இவர் எடுத்தார். 20 வருடம் சுவர் கட்டிய மனுசன், தூக்குக்குண்டு பிடிக்கும்போது கை நடுங்கியது என்றார்.

இளம் பிள்ளைகள் என்றால் அறிவியல் நகரில் இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவகம் இருக்கிறது. மோட்டார் வாகனம், மின்சாரம், கட்டடம் என்று ஒழுங்காகப் படிக்கலாம். சோதனையில் கோட்டை விட்டுவிட்டு வீட்டில் போன் நோண்டிக்கொண்டிருக்கிற பெடியனைப் பெற்றவர்கள் தயவுசெய்து ஒருதரம் போய்ப் பாருங்கள்.

பெண்பிள்ளை தனியாக வரலாமா?

வரலாம், வருகிறார்கள். ஆடைத் தொழிற்சாலைகள்தான் பெரிய வாசல். விடிய அவர்களின் பஸ் ஒவ்வொரு கிராமத்துச் சந்தியிலும் நின்று ஏற்றிக்கொண்டு வரும், பின்னேரம் கொண்டுபோய் விடும். நாள் முழுக்க நின்று வேலை, எண்ணிக்கைக் கணக்கு, கழுத்து வலிக்கும். ஆனால் மாதம் பிறந்தால் காசு வங்கியில் விழும், ஈ.பி.எஃப். உண்டு. மிதிவெடி அகற்றும் நிறுவனங்களிலும் நிறையப் பெண்கள் வேலை செய்கிறார்கள். முகமாலைப் பக்கம் முகத்தை மூடிய கவசத்தோடு முழங்காலில் இருந்து மண்ணை அங்குலம் அங்குலமாகச் சுரண்டுகிறவர்களில் பாதிப்பேர் குடும்பத்தைத் தனியாகத் தாங்குகிற அக்காமார். அந்த வேலை என்றைக்கும் இருக்கப்போவதில்லை, நிலம் சுத்தமாக முடிய அதுவும் முடியும்.

தங்குவதற்கு, வயதான தம்பதி இருக்கிற வீட்டில் ஒரு அறை பாருங்கள். படலை (வளவு வாசல் கதவு) பூட்டும் நேரத்தை முதலே கேளுங்கள்.

வாடகை வீடு எப்படிப் பார்ப்பது?

கூரையைப் பார்க்க முதல் கிணற்றைப் பாருங்கள். தை மாதம் எல்லாக் கிணறும் நல்ல கிணறு, கை விட்டு அள்ளலாம் போலிருக்கும். ஆவணி, புரட்டாதியில் என்ன கதி என்பதைப் பக்கத்து வீட்டில் கேளுங்கள். தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்று மூன்று நாலு மாதம் புழுதியை வாரி அடித்து, நிலத்தடி நீர் இறங்கி, மோட்டர் போட்டால் காற்று இழுக்கும் காலம் அது. எங்கள் இரண்டாவது வாடகை வீட்டில் அப்படித்தான். சீமெந்து நிலம், ரைல்ஸ் பதித்த குசினி, பெரிய விறாந்தை, ஆவணியில் சேறு. நாலு மாதம் தண்ணீர்க் கான் தூக்கினேன்.

தண்ணீரின் குணத்தையும் பாருங்கள். வீட்டுக்காரரின் கேத்திலைத் திறந்து உள்ளே பாருங்கள், வெட்கப்படாதீர்கள். அடியில் வெள்ளையாகப் படை கட்டியிருந்தால் சுண்ணாம்புத் தண்ணீர். சவர்க்காரம் நுரைக்காது, பருப்பு வேகாது. குடிக்கச் சுத்திகரித்த தண்ணீர் வாங்கவேண்டும், அதையும் வாடகையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். வவுனியா மாவட்டத்துச் சில பகுதிகளில் சிறுநீரக நோய் இருப்பதால் அந்தப் பக்கம் போகிறவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்கவேண்டும்.

கரண்டுக்குத் தனி மீட்டரா என்று கேளுங்கள். ஒரே மீட்டரில் இரண்டு குடும்பம் இருந்தால் யூனிற் கூடக்கூட விலைப்படி ஏறி, பாதி பாதி என்று பிரித்தாலும் நட்டம்தான். முற்பணத்துக்குக் கையெழுத்து வாங்குங்கள். நல்ல மனுசர்தானே என்று விடவேண்டாம். நல்ல மனுசர் கையெழுத்துப் போடுவார்.

விலை குறைவாகக் காணி இருக்கிறதாம். வாங்கலாமா?

முதல் வருடம் வேண்டாம். இதை எத்தனை தரம் சொன்னாலும் சனம் கேட்பதில்லை. நாங்களும் கேட்கவில்லை.

இங்கே காணி இரண்டு வகை. உறுதிக் காணி என்றால் சொந்தப் பத்திரம் (உறுதி) உள்ள காணி, விற்கலாம், வாங்கலாம். பெர்மிட் காணி என்றால் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்தின்படி குடியிருக்கவும் பயிர் செய்யவும் அரசாங்கம் கொடுத்த அனுமதி. பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் அதைக் கைமாற்ற முடியாது, துண்டு துண்டாக விற்கவும் முடியாது. பழைய குடியேற்றத் திட்டக் காணிகளில் பெரும்பகுதி இதுதான். ஆனாலும் முத்திரை ஒட்டிய தாளில் எழுதி, இரண்டு சாட்சி வைத்து, "எல்லாரும் இப்பிடித்தான்" என்று விற்கிறார்கள்.

நாங்கள் 2014இல் அப்படி அரை ஏக்கர் வாங்கினோம். நகை விற்ற காசு. ஒரு மாமரம் நின்றது, அதைப் பார்த்துத்தான் நான் மயங்கினேன். விற்ற ஐயா நல்லவர், அவருக்கே அது பிழை என்று தெரியாது போல. அவர் காலமான பிறகு, பெர்மிட்டில் பின்னுரித்தாளராக, அதாவது அவருக்குப் பிறகு காணி போகிற ஆளாகப் பெயர் இருந்த மகன் வந்து நின்றார். எங்கள் தாள் கடலை சுற்றத்தான் உதவும் என்றார்கள். அந்த மகன் பாதிக் காசைத் திருப்பித் தந்தது அவருடைய நல்ல குணம். சட்டப்படி அதுவும் தரத் தேவையில்லை.

ஆகவே பத்திரத்தின் மூலத்தைப் பிரதேச செயலகத்துக் காணிப் பகுதியில் காட்டுங்கள். உறுதி என்றால் காணிப் பதிவகத்தில் தேடுவியுங்கள், உறுதி எழுதும் நொத்தாரிசு உங்கள் ஆளாக இருக்கட்டும், விற்பவரின் ஆளாக இருக்கவேண்டாம். காட்டோரக் காணி என்றால் வன இலாகாவின் எல்லைக் கல் எங்கே நிற்கிறது என்று நடந்து பாருங்கள். மாமரத்தைக் கடைசியாகப் பாருங்கள்.

கையில் காசு இல்லை. லோன் எடுக்கலாமா?

கிழமைக் கடன்காரர் மோட்டார் சைக்கிளில் படலைக்கே வருவார்கள். பெண்களைக் குழுவாகச் சேர்த்து, ஒருத்திக்கு ஒருத்தி பிணை வைத்துக் கொடுப்பார்கள். ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன், அதைக் கட்ட மூன்றாவது என்று போய், காசு வாங்க வரும் செவ்வாய்க்கிழமை வந்தால் படலையைப் பூட்டிவிட்டு வாழைத்தோட்டத்துக்குள் இருந்தவர்களைத் தெரியும். வேண்டாம். தெரிந்தவர்களோடு ஒரு சின்னச் சீட்டு, அல்லது கூட்டுறவு, கிராமச் சங்கம். அதுவும் வேலை பிடித்து மூன்று மாதம் போன பிறகு.

பிள்ளைகள் இந்தியாவில் பிறந்தவர்கள். பள்ளிக்கூடத்தில் சேர்ப்பார்களா?

சேர்ப்பார்கள். ஆனால் வெளிக்கிட முதலே சென்னையில் உள்ள இலங்கைத் துணை உயர்ஸ்தானிகராலயத்தில் பிறப்பைப் பதிந்து குடியுரிமைப் பத்திரத்தை எடுத்துவிடுங்கள். இங்கே வந்தும் எடுக்கலாம், வவுனியாவுக்கும் கொழும்புக்கும் அலைவீர்கள். பிள்ளைக்கு அடையாள அட்டை எடுக்கும் வயது வரும்போதுதான் இந்தப் பத்திரத்தின் அருமை தெரியும்.

பேச்சுத்தான் முதல் ஆறு மாதம் பாடாய்ப் படுத்தும். என் மகன் ஐந்தாம் வகுப்பு. இரண்டாம் நாள் வீட்டுக்கு வந்து, அடுத்த வீட்டு அம்மாவிடம் சந்தோசமாக, "டீச்சர் இன்னைக்கு என்கூட ரொம்ப நேரம் பேசினாங்க" என்றான். இங்கே பேசினார் என்றால் ஏசினார். அந்த மனுசி பதறிப்போய் என்னிடம் ஓடி வந்து, "வந்து ரெண்டு நாளாகேல்லை, பிள்ளையை அப்பிடி என்னத்துக்குப் பேசினவவாம்?" என்றா. விளங்கப்படுத்த எனக்கு அரை மணித்தியாலம் எடுத்தது. இப்போது அவன் வாயைத் திறந்தால் கதைக்கிறது, வெளிக்கிடுகிறது, ஒழுங்கை, படலை எல்லாம் வரும். கோபம் வந்தால் மட்டும் முகாம் தமிழ் வந்துவிடும்.

சிங்களமும் படிக்கவேண்டும் என்பதைப் பிள்ளைக்கு முதலே சொல்லி வையுங்கள்.

மழைக்காலம் எப்படி?

ஐப்பசி கடைசியிலிருந்து மார்கழி வரை. இரணைமடுக் குளம் நிரம்பும் அளவான 36 அடியைத் தொடப்போகிறது என்று சனம் கதைக்கத் தொடங்கினால் தாழ்வான இடத்தில் இருக்கிறவர்கள் பத்திரங்களைப் பொலித்தீனில் சுற்றவேண்டும். 2018 மார்கழியில் ஒரே இரவில் மழை கொட்டி, வான்கதவுகள் திறந்து, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஊர் ஊராக வெள்ளம் ஏறியது. வாடகை வீடு பார்க்கும்போது சுவரில் பழைய நீர்க்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். புதுப் பெயின்ற் அடித்த வீடு என்றால் கக்கூசுச் சுவரைப் பாருங்கள், அங்கே அடிக்க மறந்திருப்பார்கள்.

பாம்பு, யானை, மிதிவெடி?

மூன்றும் உண்டு. இரவில் ரோர்ச் இல்லாமல் நடக்கவேண்டாம். வயலோரத்தில் புடையன் அசையாமல் கிடக்கும். கடித்தால் மந்திரிக்கிறவரைத் தேடாமல் 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம். காட்டோரக் கிராமங்களில் நெல்லை வீட்டுக்குள் அடுக்கிவைத்தால் யானை சுவரைத் தட்டும். சிவப்பு மண்டையோட்டுப் பலகை நிற்கும் பக்கம் விறகுக்குப் போகவேண்டாம், துருப்பிடித்த இரும்பு எதையும் பழைய இரும்புக்காரனுக்கு விற்கலாம் என்று தோண்டவேண்டாம்.

மோட்டார் சைக்கிள் கட்டாயமா?

நகரத்துக்குள் சைக்கிள் போதும். அக்கராயன், ஜெயபுரம் பக்கம் இருந்துகொண்டு டவுனில் வேலை என்றால், பின்னேரக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

கிளிநொச்சியா, வவுனியாவா, முல்லைத்தீவா?

வவுனியாவில் கடை, கந்தோர், ஆஸ்பத்திரி, பல்கலைக்கழகம் என்று வசதி கூடுதல். வேலை கூட, வாடகையும் கூட. மூன்று மொழியும் காதில் விழும். முல்லைத்தீவில் சொந்தமோ காணியோ இருந்தால் சந்தோசமாக இருக்கலாம், இல்லாவிட்டால் முதல் வருடம் கஷ்டம். கிளிநொச்சி இரண்டுக்கும் நடு. ஏ9 வீதியில் யாழ்ப்பாணத்துக்கும் வவுனியாவுக்கும் பஸ் ஓடிக்கொண்டே இருக்கும், பரந்தனால் திரும்பினால் புதுக்குடியிருப்பு. நான் கிளிநொச்சிக்காரி என்பதால் இதைக் கொஞ்சம் கழித்து வாசியுங்கள்.

உங்கள் கடை எங்கே? எத்தனை மணிக்குத் திறப்பீர்கள்?

பெயர் போட்டால் விளம்பரம் என்பார்கள். நாலு மணிக்கு இறங்கினால் லைட் எரிகிற பக்கம் நடந்து வாருங்கள். பின்னுக்குக் கிணற்றடி இருக்கிறது, வாளி கயிற்றோடு நிற்கும், முகம் கழுவலாம். பையை வாங்குக்குக் கீழே வையுங்கள், ஒருவரும் தொடமாட்டார்கள். பிளேன்ரீ உடனே கிடைக்கும், இடியப்பமும் சம்பலும் ஐந்து மணிக்கு. நான் எவடம் என்று கேட்பேன். கோபிக்க வேண்டாம்.